கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல்: பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு

கடந்த மாதம் கிழக்கிலிருந்து ஒரு தந்தை தொலைபேசியில் பேசினார். மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியவர். நல்ல பெறுபேறு. ஆனால் இஸட் புள்ளி சிறிய வித்தியாசத்தில் பொறியியல் பீடத்தைத் தவறவிட்டுவிட்டது. இனி அவருடைய வார்த்தைகளிலேயே:

"சேர், மகனுக்கு அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டியில மெக்கானிக்கல் கிடைச்சிருக்கு. பாதிக்கு மேல புலமைப்பரிசில் தாறாங்க. ஆனா அது கிறிஸ்தவ யுனிவர்சிட்டியாம். எங்கட பள்ளித் தலைவர் வேணாம் எங்கிறார். மூத்த மச்சான் இத விட்டா பிறகு கிடைக்காது எங்கிறார். பிள்ளைட உம்மா ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் உடனே சொல்ல முடியவில்லை. காரணம், 'கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிறுவனங்கள் இருக்கின்றன. அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்த பிறகுதான், இதைப் பொதுவில் எழுதினால் இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்று தோன்றியது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல, அதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் உலமாவிடம் போய்க் கேட்பதற்கும் விபரம் வேண்டும். "கிறிஸ்தவ யுனிவர்சிட்டி ஆகுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் கிடைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தயக்கம் எமது சமூகத்துக்குப் புதியதல்ல. பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளின் கையில் இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயத்தில் நமது முன்னோர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, ஏனெனில் மதம் மாற்றுவது அன்றைய மிஷனரிகளின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. ஆனால் விலகி நின்றதற்குக் கொடுத்த விலையும் பெரியது. வைத்தியத்திலும் சட்டத்திலும் அரச சேவையிலும் மற்றச் சமூகங்களுக்குப் பின்னால் நின்றோம். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் பாடுபட்டார்கள். 1892 இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய மத்ரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரி ஆனது.

அந்த ஸாஹிராவின் புகழ்பெற்ற அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ் படித்தது எங்கே? யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். அதே ஸாஹிராவில் படித்தவர்களில் ஒருவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. கடலுக்கு அப்பால் போனால், இராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் இராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு திருச்சியில் இயேசு சபையினர் நடத்தும் புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் படித்து 1954 இல் வெளியேறினார். அதன் பின்தான் சென்னைக்கு வான்பொறியியல் படிக்கப் போனார். அந்தக் கல்லூரி விடுதியில் சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்ததைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு முஸ்லிம் பிள்ளை, கத்தோலிக்க விடுதியில், சைவச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு!

சரி, பெயரளவில் 'கிறிஸ்தவ' என்று இருக்கும் பல்கலைக்கழகங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? என் அனுபவத்தில் மூன்று வகையாகப் பார்த்தால் போதும்.

முதலாவது வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் ஏதோ ஒரு சபை நிறுவியது, இன்று பெயரிலும் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்திலும் மட்டும் அந்த வரலாறு மிஞ்சியிருக்கிறது. அங்கே படிப்பதும் எந்தப் பொதுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதும் ஒன்றுதான்.

இரண்டாவது, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள். இவற்றில் பொறியியலுக்குப் பழைய வேர் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1842 இல் தொடங்கிய நோட்ரடேம் பல்கலைக்கழகம் 1873 இலேயே பொறியியல் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. டெட்ரொயிட் நகரில் இயேசு சபையினர் 1877 இல் தொடங்கிய கல்லூரி 1911 இல் பொறியியலுக்குள் நுழைந்தது. அது 1990 இல் மெர்சி கல்லூரியுடன் இணைந்து இன்று டெட்ரொயிட் மெர்சி பல்கலைக்கழகம். கார் தொழிற்சாலைகளின் நகரம் என்பதால், வகுப்பறையில் சில மாதம், தொழிற்சாலையில் சில மாதம் என்று மாறி மாறிப் பயிலும் முறை அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. இயந்திரப் பொறியியலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. பக்கத்திலேயே டியர்போர்ன். போர்ட் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான், அமெரிக்காவின் மிகப் பெரிய அரபு முஸ்லிம் குடியிருப்புகளில் ஒன்றும் அங்கேதான். ஹலால் கடை தேடி அலைய வேண்டிய ஊர் அல்ல அது.

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக எந்த மதத்தவரையும் சேர்த்துக்கொள்ளும். மாணவரிடம் விசுவாச அறிக்கை கேட்பதில்லை, பூசைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கொள்கை மாற்றம் இருக்கிறது. 1965 ஒக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, பிற மதங்கள் பற்றிய பிரகடனம், முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாக வெளிப்படையாகச் சொன்னது. அதன் விளைவுகளை இன்று வளாகங்களில் காணலாம். வாஷிங்டனில் உள்ள இயேசு சபையின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1999 இல் முழுநேர இமாம் ஒருவரை நியமித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதுதான் முதலாவது. (அங்கே பொறியியல் பீடம் இல்லை, விண்ணப்பிக்கப் போய்விட வேண்டாம்.)

ஆனால் கத்தோலிக்க வளாகங்களில் பட்டத்தின் ஒரு பகுதியாக இறையியலும் மெய்யியலும் படிக்க வேண்டியிருக்கும். பொறியியல் மாணவருக்கும் விலக்கில்லை. இது வழிபாடு அல்ல, பாடம். நூல் வாசித்து, கட்டுரை எழுதி, புள்ளி எடுக்க வேண்டிய பாடம். பல இடங்களில் உலக மதங்கள், இஸ்லாம் என்ற தலைப்புகளிலும் இந்தத் தேவையின் ஒரு பகுதியை நிறைவு செய்யலாம். எவற்றைத் தெரிவு செய்யலாம் என்பதைப் பாடத்திட்டக் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். இவை சுவிசேஷ, பெப்டிஸ்ட் மரபுகளில் வந்த பல்கலைக்கழகங்கள். விசுவாசமே இங்கே நிறுவனத்தின் உயிர். டெக்சாஸில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் இளமாணி மாணவர்கள் செப்பல் எனப்படும் ஒன்றுகூடலை இரண்டு செமஸ்டர்கள் முடிக்க வேண்டும். கிறிஸ்தவ வேதநூல், கிறிஸ்தவ மரபு என்று இரண்டு பாடங்களும் உண்டு. மற்ற மதத்தவருக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது. வேறு சில நிறுவனங்கள் இன்னும் இறுக்கமானவை. அனுமதி விண்ணப்பத்திலேயே இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொள்வதாகக் கையொப்பம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு முஸ்லிம் மாணவர் பொய் சொல்லாமல் சேர முடியாது. அங்கே ஆராய ஒன்றுமில்லை, விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

இவ்வகையில் இயந்திரப் பொறியியலோடு மிக நெருங்கியது டெக்சாஸின் லோங்வியூ நகரிலுள்ள லெடூர்னோ பல்கலைக்கழகம். அதை நிறுவிய ரொபர்ட் லெடூர்னோ பாடசாலையைப் பாதியில் விட்டவர், ஆனால் மண் அள்ளும் பாரிய இயந்திரங்களை வடிவமைப்பதில் அவர் காலத்தில் அவருக்கு நிகர் குறைவு. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் விமான ஓடுபாதைகளையும் வீதிகளையும் அமைக்கப் பயன்படுத்திய மண்வேலை இயந்திரங்களில் பெரும் பங்கு அவருடையவை. கடலில் கால் ஊன்றி எழும் எண்ணெய்த் துளையிடும் மேடையையும் 1950களில் கட்டிக்கொடுத்தார். வருமானத்தில் 10 வீதத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு 90 வீதத்தை மதப்பணிக்குக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1946 இல், கைவிடப்பட்ட ஓர் இராணுவ வைத்தியசாலை வளவில், போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கான தொழில்நுட்பக் கல்லூரியாக அதைத் தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள் 2000களில், ஏழை நாடுகளில் கால் இழந்தவர்களுக்காகக் குறைந்த செலவில் செயற்கை முழங்கால் ஒன்றை வடிவமைத்து, கென்யாவில் உள்ள வைத்தியசாலையில் பொருத்திப் பார்த்தார்கள். வகுப்பில் படித்த விசையும் திருப்பமும் ஒரு மனிதனை எழுந்து நடக்க வைக்கிறது. அவர்கள் அதை மிஷன் என்பார்கள், நாம் ஸதகா என்போம்.

தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூருக்கு வெளியே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சுவிசேஷப் பிரசங்கியார் டி.ஜி.எஸ். தினகரனும் அவருடைய மகன் போல் தினகரனும் 1986 இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2004 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதுதான் காருண்யா. மொழியும் சாப்பாடும் நமக்குப் பழக்கமானவை, செலவும் அமெரிக்காவோடு ஒப்பிடும்போது குறைவு. இங்கும் வளாகத்தின் மதச்சார்பு ஒளிவு மறைவற்றது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

படிப்புக்குள் மதம் எவ்வளவு வரும்?

பெற்றோர் பலருக்கு உள்ள பயம் இதுதான்: பாடப்புத்தகத்திலேயே மதத்தைப் புகட்டிவிடுவார்களோ?

இயந்திரப் பொறியியல் என்றால் என்ன என்று ஒரு தரம் பார்த்துவிட்டால் இந்தப் பயம் குறையும். முதல் வருடம் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், பொறியியல் வரைதல். பிறகு நிலையியல், இயக்கவியல், பொருட்களின் வலிமை, வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பக் கடத்தல், இயந்திர வடிவமைப்பு, உற்பத்தி முறைகள், கட்டுப்பாட்டுத் தொகுதிகள். கடைசி வருடத்தில் குழுவாக ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து காட்டும் திட்டம். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானாகப் பாயும், மறுபக்கம் பாய்வதற்கு வேலை செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக் குளிரூட்டிக்கு மின்கட்டணம் வருவது அதனால்தான். இந்த விதிக்குச் சமயம் கிடையாது. ஓர் அச்சாணி எத்தனை சுற்றுக்குப் பிறகு களைத்து உடையும் என்ற கணக்கு மொறட்டுவையிலும் பேராதனையிலும் நோட்ரடேமிலும் ஒன்றேதான்.

மதம் வரக்கூடிய இடம் தொழில் ஒழுக்கவியல் வகுப்பு. பாதுகாப்பற்றது என்று தெரிந்த ஒரு வடிவமைப்புக்கு முதலாளி கையொப்பம் கேட்டால் என்ன செய்வாய்? ஆயுத உற்பத்தி நிறுவனத்தில் வேலை கிடைத்தால் போவாயா? கிறிஸ்தவ வளாகத்தில் இந்தக் கேள்விகளை வேதநூலை வைத்துப் பேசுவார்கள். நம் பிள்ளைக்கு அமானத் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் அந்த வகுப்பில் பேசுவதற்கு அவனிடமும் விடயம் இருக்கும். தெரியாவிட்டால் வாய்மூடி உட்கார்ந்திருப்பான். இந்தக் குறைக்குப் பல்கலைக்கழகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வருடம் ரியூஷன் வகுப்புக்கு அனுப்பிய நாம், குர்ஆன் மத்ரஸாவைப் பத்து வயதோடு நிறுத்திவிட்டோமே, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இயந்திரவியல் என்ற கலை முஸ்லிமும் கிறிஸ்தவரும் சேர்ந்து வளர்த்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் விசித்திரமான இயந்திரங்களைப் பற்றி நூல் எழுதிய பனூ மூஸா சகோதரர்கள் மூவரும், கிரேக்க நூல்களை மொழிபெயர்க்கச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்களில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். பாரம் தூக்கும் கருவிகள் பற்றி அலெக்சாந்திரியாவின் ஹீரோ எழுதிய நூலின் கிரேக்க மூலம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதைக் காப்பாற்றித் தந்தது பஃலபக்கைச் சேர்ந்த கிறிஸ்தவர் குஸ்தா இப்னு லூகா செய்த அரபு மொழிபெயர்ப்பு. 1206 இல் அல்ஜஸரி எழுதி முடித்த பெரிய நூலை 1974 இல் ஆங்கிலத்தில் முழுமையாகக் கொண்டுவந்தவர் டொனல்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர்.

கட்டாயத்துக்கு எதிராக நின்றவர்கள்

ஆனாலும் எல்லாம் சுமுகமாகவே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெய்ரூட்டில் அமெரிக்க மிஷனரிகள் 1866 இல் தொடங்கிய சிரியப் புரொட்டஸ்தாந்துக் கல்லூரியில் எல்லா மாணவர்களும் செப்பலுக்கு வரவேண்டும் என்பது விதி. 1909 இல் முஸ்லிம் மாணவர்கள் மறுத்து நின்றார்கள், யூத மாணவர்களும் கூடச் சேர்ந்தார்கள். நிர்வாகம் உடனே இறங்கி வரவில்லை. விருப்பமில்லாவிட்டால் வேறிடம் போகலாம் என்ற தொனியில்தான் முதலில் பதில் வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில்தான் கட்டாயம் தளர்ந்தது. 1920 இல் பெயரும் மாறியது. இன்றைய பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுதான். அரபுலகின் பொறியியலாளர்கள் எத்தனையோ பேர் அங்கே உருவானவர்கள்.

இஸ்தான்புல்லில் 1863 இல் தொடங்கிய ரொபர்ட் கல்லூரியின் முதல் தலைவர் சைரஸ் ஹம்லின் என்ற மிஷனரி, மாணவப் பருவத்திலேயே தன் கையால் நீராவி இயந்திரம் செய்தவர். அங்கே 1912 இல் பொறியியல் பிரிவு வந்தது. 1971 இல் அந்த வளாகம் துருக்கி அரசிடம் போய் பொகாசிச்சி பல்கலைக்கழகமானது. இன்று துருக்கியில் மிக உயர்ந்த புள்ளி எடுத்தவர்கள் போட்டி போட்டுச் சேரும் இடங்களில் அது ஒன்று.

பெய்ரூட் மாணவர்களின் கதையை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கல்லூரிக்குப் போகாமல் இருக்கவில்லை, போய்ப் படித்துக்கொண்டே, தமக்கு ஒவ்வாததை ஒவ்வாது என்று சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. விதிகளை முன்கூட்டியே இணையத்தில் படித்துவிட்டுத் தீர்மானிக்கலாம். தனியார் நிறுவனம் ஒன்று தன் விதியை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும்போது, கையொப்பமிட்டுச் சேர்ந்துவிட்டுப் பிறகு அநீதி என்று சொல்வது முறையல்ல. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நமக்கும் கடமை.

எழுத்தில் கேளுங்கள்

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது: மகன் பெயரில் அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள். எழுத்தில் வருவதுதான் பின்னர் கைகொடுக்கும். செப்பல் கட்டாயமா? முஸ்லிம் மாணவருக்கு மாற்று ஏற்பாடு உண்டா, அல்லது சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமா? விசுவாச அறிக்கையில் கையொப்பம் தேவையா? எத்தனை சமயப் பாடங்கள், அவற்றில் தெரிவு உண்டா? ஐவேளைத் தொழுகைக்கு ஓர் அறை கிடைக்குமா? விடுதிச் சாப்பாட்டுத் திட்டம் கட்டாயமா, அதில் ஹலால் இல்லாவிட்டால் விலகிச் சமைத்துக்கொள்ள விடுவார்களா?

வெள்ளிக்கிழமையை மறக்க வேண்டாம். இயந்திரப் பொறியியலில் ஆய்வுகூட வகுப்புகள் மூன்று மணித்தியாலம் நீளும். வெள்ளி பகலில் ஒன்று விழுந்துவிட்டால் ஒரு முழு செமஸ்டர் ஜும்ஆ கேள்விக்குறி. பாடப்பதிவு தொடங்கும் நாளிலேயே வேறு நாளில் நடக்கும் பிரிவைத் தெரிவு செய்வதுதான் வழி. பக்கத்தில் பள்ளிவாசல் எத்தனை மைலில் என்பதையும் பாருங்கள், அமெரிக்காவின் சிறு நகரங்களில் வாகனம் இல்லாமல் இரண்டு மைல்கூடத் தூரம்தான்.

ஒரு விடயத்தில் பெற்றோர் ஆச்சரியப்படுவார்கள். இறுக்கமான கிறிஸ்தவ வளாகங்கள் பலவற்றில் மதுவுக்குத் தடை. ஆண், பெண் விடுதிகள் தனித்தனி, ஒருவர் விடுதிக்குள் மற்றவர் போவதற்கு நேரக் கட்டுப்பாடு. இரவு விருந்துக் கலாசாரம் குறைவு. அதாவது, பிள்ளையின் அகீதாவைப் பற்றி யோசிக்க வைக்கும் இடமே, ஒழுக்கத்தைப் பற்றி நிம்மதியாக இருக்க வைக்கும் இடமாகவும் இருக்கிறது. மதச்சார்பற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் நிலைமை மறுபுறம். எங்கே ஆபத்து அதிகம் என்பது பிள்ளையைப் பொறுத்தது. உங்கள் பிள்ளை யாருடைய பேச்சுக்கு இளகுவான், எந்த ஆசைக்கு இளகுவான் என்பது உம்மாவுக்குத்தான் தெரியும்.

பட்டம் இங்கே செல்லுமா?

மதத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், வெளிநாடு போய் ஏமாந்த பிள்ளைகளில் பலர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989 இல் உருவானது. அமெரிக்கா தொடக்க உறுப்பினர். இலங்கையும் இந்தியாவும் 2014 இல் முழு உறுப்பினர்களாயின. அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பது ஏபெட், இந்தியாவில் என்பிஏ எனப்படும் தேசிய அங்கீகார வாரியம், இங்கே இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். கவனிக்க வேண்டியது: அங்கீகாரம் ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது, பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல. ஒரே வளாகத்தில் மின்பொறியியலுக்கு இருந்து இயந்திரப் பொறியியலுக்கு இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவில் இன்னும் ஒரு சிக்கல், என்பிஏ அங்கீகாரத்திலேயே முதல் அடுக்கில் உள்ள பட்டநெறிகள் மட்டும்தான் வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் வரும். "என்பிஏ இருக்கு" என்று முகவர் சொன்னால், எந்த அடுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

அடுத்த பொறி பெயரில் இருக்கிறது. 'இயந்திரப் பொறியியல்' வேறு, 'இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. இரண்டும் நான்கு வருடப் பட்டங்கள்தான். ஆனால் இரண்டாவது சிட்னி உடன்படிக்கையின் கீழ் வருவது, பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கான நேரடிப் பாதை அல்ல. அந்தத் தந்தை அனுப்பிய கடிதத்தில் நான் முதலில் தேடியது இந்த ஒரு சொல்லைத்தான். நல்ல வேளை, இருக்கவில்லை.

2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்துக்குப் பிறகு இந்நாட்டில் பொறியியல் தொழில் செய்வதற்குப் பதிவு தேவை. வளைகுடாவுக்குப் போவதானாலும் சவூதியில் பொறியியலாளர் பேரவைப் பதிவு கேட்பார்கள், சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். எனவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் பொறியியலாளர் நிறுவனத்திடமும் விசாரிப்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது வெளிநாட்டில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கட்டணம் ஒரே இரவில் ஏறக்குறைய இரட்டிப்பானது. புலமைப்பரிசில் "பாதிக்கு மேல்" என்றால் மீதி எவ்வளவு, நான்கு வருடத்துக்கும் அது உறுதியா, எந்தச் சராசரிப் புள்ளிக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்று பாருங்கள். வட்டிக் கடன் எடுக்க மாட்டோம் என்று இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் படித்து முடித்தவர் தன் துறையில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி பெறலாம். இயந்திரப் பொறியியல் போன்ற துறைகளுக்கு அதை மேலும் 24 மாதம் நீடிக்க இதுவரை வழி இருக்கிறது. ஆனால் விமானம், பாதுகாப்பு சார்ந்த நிறுவனங்கள் பல தமது நாட்டவரை மட்டுமே எடுக்கும். ரொக்கட் செய்யப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைக்கு இதை முதலே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, நாம் பேசத் தயங்கும் ஒன்று. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு, இலங்கை முஸ்லிம் என்ற பெயரோடு ஒரு கிறிஸ்தவ வளாகத்துக்குள் நுழையும் பிள்ளையிடம் யாராவது ஒருவர் ஒருநாள் கேட்கத்தான் செய்வார். கொச்சிக்கடையையும் கட்டுவாப்பிட்டியையும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தையும் அறிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளை முதன்முதலாக அங்கே போய்ச் சந்திக்கக் கூடாது. அன்று என்ன நடந்தது, அதைச் செய்தவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம், உயிரிழந்தவர்களுக்காக நாம் என்ன உணர்கிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நான் அந்தத் தந்தையிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. "அத நாங்க வீட்ல பேசினதே இல்ல சேர்" என்றார்.

போன வாரம் மீண்டும் அழைத்தார். மின்னஞ்சலுக்குப் பதில் வந்திருக்கிறது. கையொப்பம் தேவையில்லை, வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளலாம், ஹலால் கோழி வாரத்தில் மூன்று நாள் உண்டு. செப்பல் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். முற்பணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் 19 நாட்கள் இருக்கின்றன. அதுவரை கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.